முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்து பூக்கும் கள்ளி



சென்ற கோடையில் ஒருநாள் மாலை எம் பங்கைச் சேர்ந்த இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். வீட்டுத் தாயார் முற்றத்திலிருந்த சிறு மண்தொட்டி ஒன்றை அப்புறப்படுத்துவதில் முனைந்திருந்தார். தொட்டியில் விரல் நீளக் கள்ளிச்செடி ஒன்று முள் விரித்து நின்றது. "வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, சாமி. வளரவும் இல்லை, பூக்கவும் இல்லை. இதற்கு ஊற்றிய தண்ணீரை ஒரு கத்தரிச் செடிக்கு ஊற்றியிருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்" என்றார். பின்னர்க் குரலைத் தாழ்த்தாமலே, "எங்கள் மூத்தவனைப் போலத்தான் இதுவும்" என்றும் சேர்த்துச் சொன்னார். மூத்தவன் அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியிருந்தான். அவன் உள்ளறையில் இருந்தான். அச்சொல் அவன் செவியில் விழுந்திருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

அன்று அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தொலைநாட்டுக் கள்ளி ஒன்றின் கதையை யாம் சொன்னோம். அதனையே சற்று விரித்து இத்திங்கள் உங்கள்முன் வைக்கிறோம்.

கள்ளி என்றதும் நம் மனக்கண்முன் வருபவை சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியன. சங்கப் புலவர் பாலை நிலத்தைப் பாடுகையில் குறித்த கள்ளியும் இவ்வினத்ததே. கிள்ளினால் வெண்பால் சொட்டும் இவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாவரநூலார் 'காக்டஸ்' என வழங்கும் குடும்பமோ வேறு. அக்குடும்பத்துச் செடிகளில், தண்டின்மேல் மெத்தை போன்ற சிறு புள்ளிகள் இருக்கும்; அவற்றிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். அம்முட்கள் உண்மையில் உருமாறிய இலைகளே. ஒரேயோர் இனம் நீங்கலாக அக்குடும்பம் முழுவதற்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் வேலியோரங்களில் நிற்கும் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து கடல் கடந்து வந்ததுதான். குடும்பம் வேறாயினும் இவ்விரு வகைக் கள்ளிகளும் தோற்றத்தில் ஒத்திருப்பது ஏன்? வறட்சி என்னும் ஒரே ஆசிரியரிடம் இரண்டும் பாடம் கற்றன. விடையையும் ஒன்றுபோலவே எழுதின.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியிலும், அதனை அடுத்த மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்திலும் பரந்து கிடப்பது சொனோரா பாலைவனம். அதன் பாறைச் சரிவுகளில், கைகளை மேலே தூக்கி நிற்கும் மனிதர் கூட்டம் போல் ஆயிரக்கணக்கில் நிற்கும் நெடுங்கள்ளிக்குச் 'சகுவாரோ' என்று பெயர். முற்றி வளர்ந்தது 12 மீட்டர் உயரம் நிற்கும். சில 15 மீட்டரையும் கடக்கும். நீர் நிறைந்த பெருமரம் ஒன்று பல டன் எடை இருக்கும். 1848இல் எங்கெல்மான் என்னும் தாவரவியலார் இதனை முதலில் விவரித்தார். 1908இல் பிரிட்டன், ரோஸ் என்னும் அறிஞர் இருவர் இதனைத் தனிப் பேரினமாக்கி, 'கார்னீஜியா ஜைஜான்டியா' எனப் பெயரிட்டனர். 1903இல் டூசான் நகரில் பாலைநிலத் தாவர ஆய்வுக்கூடம் எழக் காரணமான கார்னகி நிறுவனத்தை நிறுவிய செல்வர் ஆண்ட்ரூ கார்னகியின் பெயரே அதில் விளங்குகிறது.

இதன் வளர்ச்சியைக் கேட்டால் நம் தாய்மார் வியப்படைவர். முளைத்த முதல் எட்டு ஆண்டுகளில் இது எட்டும் உயரம் ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் வரையே. ஆம், எட்டு ஆண்டுகளில் ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லை! மழை சற்றுக் கிடைக்கும் இடங்களில் ஏறத்தாழ 35ஆம் ஆண்டில் முதன்முதல் பூக்கும்; வறண்ட இடங்களில் 70 ஆண்டுகள்கூட ஆகலாம். படங்களில் நாம் காணும் அந்தக் கிளைக் கைகள் ஐம்பது முதல் எழுபத்தைந்து வயதில்தான் அரும்பும். மிக வறண்ட இடத்தில் நூறு வயதிலும் கையின்றி ஒற்றைத் தூணாகவே நிற்பதுண்டு. 125 வயதில்தான் இது முழுவளர்ச்சி பெற்ற மரமாக எண்ணப்படுகிறது. வாழ்நாளோ 150 ஆண்டுகளுக்கு மேல். சில 200 ஆண்டுகளையும் எட்டுகின்றன.

இனி, அதன் உடலமைப்பைப் பார்ப்போம். தண்டின் புறத்தே மேலிருந்து கீழாக மடிப்புகள் ஓடுகின்றன, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் போல. மழை பெய்ததும் மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் நீர் குறையக் குறைய மடிப்புகள் சுருங்கும். ஒரு நல்ல மழையில் பெருமரம் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரைத் தன்னுள் சேர்த்துவிடும். இத்துணை நீரைப் பருகும் வேர் மிக ஆழமாகச் செல்லும் என்று நாம் எண்ணுவோம். அன்று. நடுவேர் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். மற்ற வேர்களோ நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்திற்குள்ளேயே, மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தொலைவு நாற்புறமும் படர்ந்திருக்கும். பாலையில் பெய்யும் சிறு மழை ஆழத்திற்கு இறங்காது, விரைவில் ஆவியாகிவிடும். அது மறையுமுன் வாரிக்கொள்ளவே இந்த ஏற்பாடு. உள்ளே வட்டமாக நிற்கும் மரச்சட்டங்கள் இவ்வளவு எடையையும் தாங்கி நிற்கின்றன.

மூச்சு விடுவதிலும் இதற்கு ஒரு தனி முறை உண்டு. பொதுவாகச் செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கும். பாலை வெயிலில் அவ்வாறு திறந்தால் உள்ளிருக்கும் நீர் பறந்துவிடும். ஆகவே சகுவாரோ பகலெல்லாம் வாயில்களை அடைத்து வைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. அப்போது ஏற்ற கரியமிலவாயுவை ஒருவகை அமிலமாக்கிச் சேமித்துக்கொள்கிறது. பொழுது விடிந்ததும் வாயிலை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்துக் கதிரவன் ஒளியில் உணவு சமைக்கிறது. இந்த முறையில் நீர் மிச்சமாகிறது. ஆனால் வளர்ச்சி மெதுவாகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வாளா நிற்பதாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. அதன் உழைப்பு இருளில் நடக்கிறது.

பூக்கும் பருவம் ஏப்ரல் திங்கள் இறுதியிலிருந்து ஜூன் வரை. தண்டின் உச்சியிலும் கைகளின் நுனியிலும் மெழுகில் வார்த்தது போன்ற வெண்மலர்கள், ஏழெட்டுச் சென்டிமீட்டர் அகலத்தில் கொத்தாக விரியும். ஒவ்வொரு மலரும் கதிரவன் மறைந்தபின் மலர்ந்து, மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும். பின்னர்த் திறப்பதே இல்லை. முப்பத்தைந்து ஆண்டு காத்திருந்து பூத்த பூவிற்கு ஒருநாள்கூட முழுமையாக இல்லை! ஆயின் ஒரே இரவில் எல்லாப் பூவும் விரிந்துவிடுவதில்லை. நாளுக்குச் சிலவாகப் பல வாரங்கள் அது பூத்துக்கொண்டே இருக்கும். இம்மலரே 1931 முதல் அரிசோனாவின் மாநில மலர்.

ஒரு சகுவாரோவின் மகரந்தம் அதே மரத்தின் பூவில் பட்டால் காய் பிடிக்காது. வேறொரு மரத்தினின்று வந்தாக வேண்டும். அதற்குத் தூது செல்வோர் பலர். இரவில் வருவது நீள்மூக்கு வௌவால் ஒருவகை. இது வேனிலில் மெக்சிகோவிலிருந்து வடக்கு நோக்கிக் கள்ளிப் பூக்கள் மலரும் வழியே பறந்து வருகிறது. பூவினுள் தலையை நுழைத்துத் தேன் அருந்தி, முகமெல்லாம் மகரந்தப் பொடியுடன் அடுத்த மரத்திற்குச் செல்கிறது. விடிந்தபின் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் எஞ்சிய பணியை முடிக்கின்றன. 1988இல் இவ்வௌவால் அற்றுப்போகும் நிலையிலுள்ள உயிரினமென அமெரிக்க அரசு அறிவித்தது. அறியப்பட்ட உறைவிடங்களில் அப்போது ஆயிரத்துக்கும் குறைவாகவே எண்ணப்பட்டன. இரு நாட்டாரும் அவற்றின் குகைகளைக் காத்ததன் பயனாக, 2018இல் அதன் தொகை இரண்டு இலட்சம் என மதிப்பிடப்பட்டு, அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வாறு நலம் பெற்று நீங்கிய முதல் வௌவால் அந்நாட்டில் இதுவே.

ஜூன், ஜூலைத் திங்களில் கனிகள் பழுத்து வெடித்துச் செந்நிறச் சதையைக் காட்டும். தொலைவிலிருந்து பார்ப்போர் அதனையும் பூவென்றே மயங்குவர். தொகோனோ ஓதாம் என்னும் பழங்குடி மக்கள், பட்டுப்போன சகுவாரோவின் மரச்சட்டங்களை இணைத்து நெடிய கொக்கி செய்து, கனிகளை இறக்குவர். சதையைக் காய்ச்சிப் பாகாக்குவர். ஒரு பகுதியைப் புளிக்க வைத்து, மழையை வரவேற்கும் சடங்கில் பருகுவர். அவர்களது புத்தாண்டு இவ்வறுவடைக் காலத்திலேயே தொடங்குகிறது. சகுவாரோவை அவர்கள் செடியென எண்ணுவதில்லை. தம் உறவினரென்றே மதிக்கின்றனர். இம்மக்கள் வாழும் நிலத்தில்தான், இயேசு சபைக் குரு எவுசேபியோ கீனோ 1692இல் நிறுவிய பணித்தளம் உள்ளது. 1783 முதல் 1797 வரை எழுப்பப்பட்ட அதன் வெண்ணிற ஆலயம் இன்றும் அவர்களுக்குப் பங்கு ஆலயமாக விளங்குகிறது. அதற்குச் சூட்டிய பெயர் யாருடையது தெரியுமா? நம் முத்துக்குளித்துறையில் நடந்த அதே புனித சவேரியாருடையது!

ஒவ்வொரு கனியிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் விதைகள் உள்ளன. ஒரு மரம் தன் வாழ்நாளில் தரும் விதைகள் கோடிக்கணக்கில் ஆகும் என்பர். அத்தனையிலும் பிழைத்து மரமாவன மிகச் சில. எறும்பும் பறவையும் எலியும் தின்றது போக, முளைத்தவற்றை வெயில் கருக்கும், குளிர் கொல்லும். பிழைப்பவை பெரும்பாலும் எங்கு முளைத்தவை? வேறொரு மரத்தின் நிழலில். பேலோ வெர்டே என்னும் பச்சைப்பட்டை மரமும், நம்மூர்ச் சீமைக்கருவேலின் இனமான மெஸ்கீட் மரமும் தம் கிளைகளின் கீழ் அச்சிறு முளையைப் பகலில் வெயிலினின்றும், இரவில் உறைபனியினின்றும், எந்நாளும் விலங்கின் வாயினின்றும் காக்கின்றன. இதனால் அம்மரங்களைச் செவிலி மரங்கள் என்றே தாவரநூலார் அழைக்கின்றனர். செவிலியின் மடியில் கள்ளி பல பத்தாண்டுகள் கிடக்கும். பின்னர் அதன் கிளைகளைத் துளைத்துக்கொண்டு மேலே எழும். மேற்பரப்பு நீரையெல்லாம் தன் வேரால் வாரிக்கொள்ளும். பல இடங்களில் செவிலி பட்டுப்போக, வளர்ந்த பிள்ளை மட்டும் நிற்கும். இதைச் சொன்னபோது அத்தாயார் பெருமூச்செறிந்தார். தாய்மாருக்கு இது புதுச் செய்தி அன்று போலும்.

வளர்ந்த கள்ளியும் கடனைத் திருப்பியே கொடுக்கிறது. ஹீலா மரங்கொத்தி அதன் தண்டில் துளையிட்டுப் பொந்து அமைக்கும். கள்ளி அக்காயத்தின் உட்புறத்தைச் சுற்றிலும் கடினமான ஓடு ஒன்றை வளர்த்து மூடும். ஓடு காய்ந்து இறுகும்வரை பல திங்கள் பொறுத்திருந்தே பறவை குடிபுகும். அது வெளியேறிய பின், உலகிலேயே மிகச் சிறிய ஆந்தை உட்படப் பல பறவைகள் அவ்வீட்டில் வாழும். காயத்தைச் சுற்றி வளர்ந்த அவ்வோடு, கள்ளி மடிந்து உலர்ந்த பின்னும் பாத்திரம் போல் எஞ்சிக் கிடக்கும். பண்டை மக்கள் அதில் பொருள்களைச் சேமித்தனர்.

இனிச் சொல்லவிருப்பதைப் பெற்றோர் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம். 1910ஆம் ஆண்டிலேயே ஃபாரஸ்ட் ஷிரீவ் என்னும் அறிஞர், டூசான் பகுதியில் முதிய சகுவாரோக்கள் நிறைய இருந்தும் இளங்கள்ளிகள் மிகச் சிலவாக இருப்பதைக் கண்டு எழுதினார். 1933இல் அங்குள்ள பெருங்காடு ஒன்று தேசிய நினைவுச்சின்னமாகக் காக்கப்பட்டது. ஆயினும் சில ஆண்டுகளில் பெருமரங்கள் அழுகிக் கருநீர் வடிய, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஆராய்ந்தோர் அழுகலில் நுண்கிருமியைக் கண்டு, இது தொற்றுநோய் என்று துணிந்தனர். நோய் பரவாதிருக்க, 1941இல் ஒரு பகுதியிலுள்ள நோயுற்ற மரங்களையெல்லாம் வெட்டிப் புதைத்தனர். சாவு நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அக்காட்டில் சகுவாரோவே இராது என்று 1960களில் சிலர் கணித்தனர்.

உண்மைக் காரணம் பின்னரே தெளிவாயிற்று. 1937 சனவரியில் அங்குக் கடுங்குளிர் வீசியது. நீண்ட நேரம் உறைநிலைக்குக் கீழ் நின்ற சகுவாரோவின் திசுக்கள் சிதைந்துவிடும். ஆனால் மரம் உடனே விழாது. உள்ளே சிதைந்தது சில ஆண்டுகள் கழித்தே அழுகலாய் வெளிப்படும். கிருமி பின்னர் வந்த விருந்தாளியே. கொன்றது ஓர் இரவின் குளிர். இளங்கள்ளிகள் இல்லாமைக்கோ காரணம் வேறு. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் அடுப்புகளுக்கும் விறகாகச் செவிலி மரங்களை மனிதர் வெட்டிவிட்டனர். எஞ்சிய நிழலில் முளைத்தவற்றைக் கால்நடைகள் மிதித்தழித்தன. மேய்ச்சல் சிறிது சிறிதாக நிறுத்தப்பட்டு, 1979இல் முற்றிலும் முடிவுற்றது. செவிலி மரங்கள் மீண்டும் தழைத்தன. அவற்றின் அடியில் விரலளவுக் கள்ளிகள் தோன்றின. கணித்தவர் கணக்குப் பொய்த்தது. 1994இல் அந்நிலம் தேசியப் பூங்காவாயிற்று.

அழுகலைக் கண்டவர்கள் அறிவிலிகள் அல்லர், கண்டதைத்தான் சொன்னார்கள். ஆயின் என்றோ அடித்த குளிரை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நம் இல்லங்களிலும் தவறிய மதிப்பெண் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு முன் அப்பிள்ளையின் மீது எந்த இரவில் எந்தக் குளிர் வீசியது என்று எத்தனை பேர் வினவுகிறோம்?

இன்று அக்கள்ளிக்கு வந்துள்ள இடர் வேறு வகையினது. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இயல்பாக வளரும் ஒரு புல்லை, கால்நடைத் தீவனத்திற்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் 1930களிலும் 1940களிலும் ஆப்பிரிக்க விதைகொண்டு அமெரிக்காவில் பரப்பினர். அது நமக்கு அயலான புல் அன்று. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் காளைகள் மேயும் கொழுக்கட்டைப் புல்லே அது! இங்கு மாடுகளை வளர்க்கும் அப்புல், அங்குச் செடிகளுக்கு இடையிலிருந்த வெற்று நிலத்தையெல்லாம் நிரப்பி, காய்ந்ததும் நெருப்பைப் பாறைச் சரிவெங்கும் ஏந்திச் செல்கிறது. நெருப்பையே அறியாத சகுவாரோவும் செவிலி மரமும் கருகுகின்றன. புல்லோ வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. இதனுடன் வெப்பமும் சேர்ந்தது. 2023இல் பீனிக்ஸ் நகரில் 31 நாள்கள் தொடர்ந்து வெயில் 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது, இரவும் தணியவில்லை. இரவின் குளிர்ச்சியை நம்பி மூச்சு விடும் கள்ளிக்கு இரவே வெந்தால் என் செய்யும்? பல பெருமரங்கள் கையிழந்தும் அடிசாய்ந்தும் வீழ்ந்தன. அரிசோனாவில் தன்னார்வலர் பலர் குழு குழுவாக மலைச்சரிவில் ஏறி, அப்புல்லைக் கையால் வேரோடு பிடுங்கி வருகின்றனர்.

அவர்கள் நாட்டுச் சப்பாத்திக்கள்ளி ஒருகாலத்தில் நம் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்து உழவரை வருத்தியது. 1926இல் இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட, வெண்பஞ்சு போர்த்தது போன்ற ஒரு சிறு பூச்சியே அதனைப் பெருமளவு அடக்கியது. ஓரிடத்தில் அமுதாகும் ஒன்று, மற்றோரிடத்தில் நஞ்சாகிறது. நல்லெண்ணம் மட்டும் போதாது. எதனை எங்கு நடுகிறோம் என்ற அறிவும் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்த படிப்பு நம் வீட்டுப் பிள்ளைக்கும் ஒத்தே ஆகவேண்டுமா என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

கதை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அத்தொட்டியில் இருந்தது சகுவாரோ அன்று. அதனினும் விரைவில் பூக்கும் சிறிய இனம் என்பதையும் யாம் மறைக்காமல் சொன்னோம். மண்ணில் மணல் கலந்து, நீரைக் குறைத்து, காலை வெயில் படும் இடத்தில் வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் பூக்கலாம் என்றோம். அளவுக்கு மீறிய நீரே கள்ளிகளைக் கொல்கிறது என்றும் சொன்னோம். அத்தாயார் மறுமொழி கூறவில்லை.

எப்போது வந்தானோ அறியோம், மூத்தவன் கதவருகில் நின்றிருந்தான். "சாமி, ஒரு சாண் ஆழ வேரை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய மரம் காற்றில் எப்படி நிற்கிறது?" என்று வினவினான். "நாற்புறமும் அகலமாகப் பற்றியிருக்கிறது, பாறைகளைக்கூட வளைத்துப் பிடித்திருக்கிறது" என்றோம். அவன் சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டு, இரு கைகளாலும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சுவரை நோக்கிச் சென்றான். "முள் குத்தப்போகிறது, பார்த்து எடுடா" என்றார் தாயார். அக்குரல் முன்னைய குரலாக இல்லை.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.